பாஸ்வேர்ட் சரி, கதவு திறக்கவில்லை: பழைய லெப்டொப்பும் கெம்பஸ் வைஃபையும்

பழைய லெப்டொப்போடு கெம்பஸுக்குப் போகிற பிள்ளைகளில் பலருக்கு முதல் வாரத்திலேயே ஒரு விசயம் நடக்கும். வைஃபையின் பெயர் திரையில் தெரியும். யூசர்நேம் சரி, பாஸ்வேர்டும் சரி. ஆனால் "இணைக்க முடியவில்லை" என்று ஒரே வரியில் கதை முடிந்துவிடும். பக்கத்தில் இருக்கிறவர் தன்னுடைய புது ஃபோனில் வைஃபைக்குள் போய் வேலையைத் தொடங்கியிருப்பார். மறுகா யாராவது ஒருவர் வந்து, "மச்சான், ஒண்ட மெசின் பழசு, அதான்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

"பழசு" என்ற அந்த ஒரு சொல்லைத்தான் நாங்கள் இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் போகிறோம். எது பழசு? யார் சொன்னது பழசு என்று? கம்பியில்லா வலையமைப்புக்கு ஐம்பது வருசத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் அந்த ஒரு வரிச் செய்திக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று விளங்கும். எந்தக் குறுக்குவழியில் போகக் கூடாது என்றும் விளங்கும்.

பூட்டு இல்லாத காலம்

கம்பியில்லாமல் கணினிகளை இணைக்கும் வேலை ஒரு பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது, அதுவும் கடலுக்கு நடுவில். 1971 ஜூனில் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சனும் அவரோடு வேலை செய்தவர்களும் "அலோஹாநெட்" என்ற வலையமைப்பை இயக்கத் தொடங்கினார்கள். வெவ்வேறு தீவுகளில் இருந்த கல்லூரிகளிலிருந்து ஓஹூ தீவில் இருந்த பெரிய கணினியோடு ரேடியோ அலை வழியாகப் பேசுவதுதான் நோக்கம். விதி மிகவும் எளிது. யாருக்கு எப்போது தேவையோ அப்போது அனுப்பலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பி மோதிக்கொண்டால், கொஞ்ச நேரம் பொறுத்துத் திரும்ப அனுப்ப வேண்டும். இன்றைய வைஃபையின் உள்ளேயும் இந்த யோசனையின் வழித்தோன்றல்தான் ஓடுகிறது.

அந்த வலையமைப்பின் பிரச்சினை தூரம்தான். களவைப் பற்றி யாருக்கும் பெரிய கவலை இருக்கவில்லை. பூட்டு பற்றிய பேச்சு இருபத்தைந்து வருசம் கழித்துத்தான் பெரிதாக வருகிறது.

அதே நேரத்தில் எங்கட கரையில் வேறொரு கதவைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. போரினால் பாதிக்கப்பட்ட கிழக்கு மாணவர்களின் உயர்கல்வி தடைப்படக் கூடாது என்ற கோரிக்கையிலிருந்து, எம்.எச்.எம். அஷ்ரஃபின் முயற்சியில், 1995 ஒக்டோபர் 23இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி அட்டாளைச்சேனையில் தொடங்கியது. 1996 மே 15இல் அது முழுப் பல்கலைக்கழகமானது. பிறகு ஒலுவிலில் நிலைகொண்டது. பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறைக்குப் போனது. வெளியே நிற்க வேண்டி வந்த பிள்ளைகளுக்காகக் கட்டப்பட்ட இடம் அது. வைஃபையின் முதல் தர விதியான 802.11 வெளியானது 1997இல். ஆக, எங்கட பல்கலைக்கழகமும் வைஃபையும் கிட்டத்தட்ட ஒரே வயதுக்காரர்கள்.

முதல் பூட்டு எப்படி உடைந்தது

1997இன் விதியோடு ஒரு பூட்டும் வந்தது. டபிள்யு.ஈ.பி. என்று பெயர். அந்த ஆங்கில எழுத்துகளின் அர்த்தம் "வயரில் கிடைக்கும் அளவுக்குத் தனிமை" என்பது. ஒரு வலையமைப்பில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே சாவி. அந்தச் சாவியோடு ஒவ்வொரு தரவுப் பொதிக்கும் ஒரு சிறு எண்ணைச் சேர்த்து மறைகுறியாக்கம் செய்வார்கள். அந்த எண்ணுக்கு 24 பிட்தான் இடம். அதாவது சுமார் 1 கோடி 67 இலட்சம் எண்கள். கேட்கப் பெரிதாகத் தோன்றும். ஆனால் ஆட்கள் நிறைந்த வலையமைப்பில் சில மணித்தியாலங்களிலேயே எண்கள் தீர்ந்து, பழைய எண்கள் திரும்ப வரத் தொடங்கிவிடும்.

2001இல் ஸ்கொட் ஃப்ளூரர், இட்சிக் மான்டின், அடி ஷமீர் ஆகிய மூவரும் இந்தப் பூட்டின் அடிப்படையிலேயே ஓட்டை இருப்பதைக் காட்டினார்கள். காற்றில் போகிற பொதிகளைப் போதிய அளவு சேகரித்தாலே சாவியைக் கண்டுபிடித்துவிடலாம். இது ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் டி.ஜே.எக்ஸ் நிறுவனத்தின் கடை ஒன்றில் இந்தப் பழைய பூட்டுப் போட்ட வைஃபை வழியாக உள்ளே நுழைந்தவர்கள் குறைந்தது 4 கோடி 57 இலட்சம் வங்கி அட்டைகளின் விபரங்களை எடுத்துவிட்டார்கள் என்று 2007இல் தெரியவந்தது. பழைய பூட்டை மாற்றாமல் விட்டதற்கான விலை அது.

இதற்குப் பிறகு பொறியியலாளர்கள் செய்த காரியத்தை நாங்கள் கவனிக்க வேண்டும். உலகம் முழுக்க டபிள்யு.ஈ.பி. மட்டும் தெரிந்த வைஃபை கார்டுகள் இலட்சக்கணக்கில் இருந்தன. அவற்றைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதே பழைய கார்டில், ஒரு சொஃப்ட்வெயார் புதுப்பிப்பு மட்டும் போட்டு ஓடக்கூடிய மாதிரி ஓர் இடைக்காலப் பூட்டைச் செய்தார்கள். அதுதான் 2003இல் வந்த டபிள்யு.பி.ஏ. பழைய கருவி வைத்திருக்கிறவரையும் கணக்கில் எடுத்துத்தான் அந்தத் தீர்வு வடிவமைக்கப்பட்டது.

அடுத்தது டபிள்யு.பி.ஏ.2. அதன் அடிப்படையான 802.11ஐ விதி ஒப்புதல் பெற்றது 2004 ஜூனில். 2004 என்றால் எங்கட கரைக்கு டிசம்பர் 26ஐத் தவிர வேறெதுவும் நினைவில் வராது. கல்முனையும் மருதமுனையும் சாய்ந்தமருதும் அந்த வருசம் வேறு கணக்கில் இருந்தன. ஆனால் உலகின் வைஃபைக்கு அது பூட்டு மாறிய வருசம். புதிய பூட்டு மிகப் பலமானது. ஆனால் அதன் மறைகுறியாக்கத்தைச் செய்யப் பல பழைய கார்டுகளுக்குச் சக்தி இருக்கவில்லை. 2006 மார்ச்சிலிருந்து வைஃபை சான்றிதழ் பெற விரும்பும் எந்தக் கருவியும் டபிள்யு.பி.ஏ.2வை ஆதரிக்க வேண்டும் என்று கட்டாயமானது. அதற்கு முந்திய லெப்டொப்களில் ஒரு பகுதி அன்றைக்கே கதவுக்கு வெளியே போய்விட்டது.

கெம்பஸ் கதவு வேற மாதிரி

வீட்டு வைஃபைக்கு ஒரே பாஸ்வேர்ட். வாப்பா, உம்மா, பக்கத்து வீட்டு மச்சான் எல்லோருக்கும் அதுதான். ஆயிரக்கணக்கான பேர் இருக்கிற கெம்பஸில் இது சரிவராது. ஒருவர் வெளியே சொன்னால் எல்லாருடைய பூட்டும் திறந்துவிடும். அதனால்தான் ஒவ்வொருவருக்கும் தனி யூசர்நேம், தனி பாஸ்வேர்ட்.

இதன் உள்வேலையை இப்படி யோசித்துப் பாருங்கள். கேட்டில் நிற்கிற மார்ஷலுக்கு உங்களைத் தெரியாது. அவர் முடிவும் எடுப்பதில்லை. உங்கள் விபரத்தை வாங்கி உள்ளே ஒஃபிஸுக்கு அனுப்புகிறார். ஒஃபிஸில் பதிவேடு இருக்கிறது. அங்கிருந்து "சரி, விடு" என்று வந்தால்தான் கேட் திறக்கும். கூரையில் மாட்டியிருக்கிற வைஃபை பெட்டிதான் மார்ஷல். ஒஃபிஸில் இருப்பது ரேடியஸ் சேர்வர். இந்த ரேடியஸ், டெலிஃபோன் வயரில் மோடம் கத்திய காலத்தில், 1991இல் உருவான ஏற்பாடு. கேட்டில் உங்கள் லெப்டொப்பும் மார்ஷலும் பேசிக்கொள்ளும் விதத்துக்கு 802.1எக்ஸ் என்று பெயர். அது 2001இல் வந்தது.

இதே ஏற்பாட்டை நாடுகளுக்கு இடையே நீட்டியதுதான் எடுரோம். நெதர்லாந்தின் சர்ஃப்நெட்டைச் சேர்ந்த கிளாஸ் வியரிங்கா 2002இல் முன்வைத்த யோசனை அது. ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் இன்னொரு பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் தன் சொந்த யூசர்நேமோடு இணையலாம். விசாரணை அவருடைய தாய்ப் பல்கலைக்கழகத்தின் சேர்வர் வரைக்கும் போய்த் திரும்பும். இலங்கையில் இதை நடத்துவது பல்கலைக்கழகங்களை ஒன்றிணைக்கும் 'லேர்ன்' வலையமைப்பு.

இங்கே ஒரு முக்கியமான படி இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. பாஸ்வேர்டைக் கொடுக்க முன்னம், ஒஃபிஸ் உண்மையான ஒஃபிஸ்தானா என்று உங்கள் லெப்டொப் பார்க்க வேண்டும். சேர்வர் ஒரு சான்றிதழைக் காட்டும். அதில் சேர்வரின் பெயர், சான்றிதழை வழங்கியவர் யார், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை செல்லும் என்பதெல்லாம் இருக்கும். லெப்டொப் அதை ஏற்றுக்கொண்டால் இரண்டுக்கும் இடையில் ஒரு சுரங்கப்பாதை உருவாகும். அந்தப் பாதைக்குள்தான் பாஸ்வேர்ட் போகும்.

பழைய லெப்டொப் விழுகிற இடம் பெரும்பாலும் இந்தப் படிதான். பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் கட்டத்துக்கே அது வந்திருக்காது.

எங்கெங்கே விழுகிறது

முதலாவது, சுரங்கப்பாதையின் வயது. அந்தப் பாதையைக் கட்டும் முறைக்கு டி.எல்.எஸ் என்று பெயர். 1.0 வந்தது 1999இல், 1.1 வந்தது 2006இல், 1.2 வந்தது 2008இல், 1.3 வந்தது 2018இல். 2021 மார்ச்சில் முதல் இரண்டும் இனிப் பயன்படுத்தத் தக்கவை அல்ல என்று இணையத் தர அமைப்பு அறிவித்துவிட்டது. வின்டோஸ் 7 வைஃபைக்குத் தானாகப் பயன்படுத்துவது 1.0. 2014இல் மைக்ரோசொஃப்ட் கொடுத்த புதுப்பிப்பு 1.2ஐப் பேச வைத்தது. ஆனால் அமைப்புக்குள் போய்க் கையால் மாற்றினால்தான் அது வேலை செய்யும். 2020 ஜனவரி 14உடன் வின்டோஸ் 7க்கான ஆதரவே நின்றுவிட்டது.

இரண்டாவது, அலைவரிசை. பழைய கார்டுகள் பலவற்றுக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். 5 கிகாஹேர்ட்ஸில் மட்டும் ஓடுகிற வலையமைப்பு என்றால், அந்த லெப்டொப்பின் கண்ணுக்கு அது இல்லாத ஒன்று. பட்டியலில் பெயரே வராது.

மூன்றாவது, கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அடிக்கடி நடப்பது. லெப்டொப்புக்குள் நேரத்தைக் காப்பாற்ற ஒரு சின்னக் கொயின் பெட்டரி இருக்கும். வருசக்கணக்கில் ஓடிய மெசினில் அது செத்துப்போயிருக்கும். பெரிய பெட்டரியும் இறங்கினால் மணிக்கூடு பல வருசம் பின்னுக்குப் போய் நின்றுவிடும். சேர்வரின் சான்றிதழ் போன வருசம் தொடங்கியது, லெப்டொப்போ தான் 2009இல் இருப்பதாக நினைக்கிறது. "இந்தச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று கதவைச் சாத்திவிடும். மணிக்கூட்டைச் சரிசெய்ய இணையம் வேண்டும், இணையத்துக்குப் போக மணிக்கூடு சரியாக இருக்க வேண்டும். கையால் திகதியை மாற்றினால் சில நொடியில் தீருகிற பிரச்சினை. இது தெரியாமலே ஒரு லெப்டொப் "செத்துப்போச்சு" என்று மூலைக்குப் போய்விடலாம்.

குறுக்குவழியின் விலை

பழைய மெசின் இணையாதபோது ஹொஸ்டலில் கிடைக்கிற உடனடி வைத்தியம் ஒன்று உண்டு: "சான்றிதழைப் பார்க்காதே எண்டு டிக் பண்ணு, வேலை செய்யும்." சில வேளைகளில் வேலை செய்யத்தான் செய்கிறது. ஆனால் அந்த டிக்கின் அர்த்தம், "ஒஃபிஸ் என்று யார் சொன்னாலும் என் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடு" என்பது.

கெம்பஸ் வைஃபையின் அதே பெயரில் ஒரு போலி வைஃபையைப் பக்கத்தில் ஓட விடுவது பெரிய வேலை இல்லை. சரிபார்க்காத லெப்டொப் பலமான சிக்னல் எங்கிருந்து வந்தாலும் போய் ஒட்டிக்கொள்ளும். பாஸ்வேர்ட் மறைத்துத்தானே போகிறது என்று சிலர் சொல்லலாம். கெம்பஸ்களில் பரவலாகப் பயன்படும் எம்.எஸ்.சாப் இரண்டாம் பதிப்பு என்ற அந்த மறைப்பு முறையை ஒரு நாளுக்குள் உடைக்கலாம் என்று 2012இல் மொக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டேவிட் ஹல்டனும் செய்து காட்டினார்கள். ஒரே பாஸ்வேர்டில் வைஃபை, மின்னஞ்சல், பாடத்தளம், பெறுபேறு எல்லாம் ஓடுகிற இடத்தில் அது ஒருவருடைய படிப்பு முழுவதையும் திறக்கிற சாவி. ஒருவருடைய பெயரில் ஒப்படையை அழிக்கலாம். ஒரு பெண் பிள்ளையின் மின்னஞ்சலுக்குள் போய் அவளை மிரட்டலாம். எங்கட ஊர்களில் இதன் பாரம் என்ன என்று நாங்கள் விளக்கத் தேவையில்லை.

இந்த ஆபத்தால்தான் அண்ட்ரொய்டின் புதிய பதிப்புகள் 2020 டிசம்பரிலிருந்து "சரிபார்க்காதே" என்ற தெரிவையே நீக்கத் தொடங்கின. அந்த டிக்கைப் போடுகிறவர்களில் பெரும்பாலானோர் சோம்பேறிகள் அல்ல. வேறு வழி சொல்லப்படாதவர்கள். பணம் உள்ளவர் புது மெசின் வாங்கிப் பாதுகாப்பாக நுழைகிறார். இல்லாதவர் பாதுகாப்பை விட்டுக்கொடுத்து நுழைகிறார். நாங்கள் பேச வந்த விசயம் இதுதான்.

2022: இரண்டு பக்கமும்

2022ஐ எடுத்துப் பாருங்கள். மார்ச்சில் ரூபாய் மிதக்க விடப்பட்டது. டொலர் 200 ரூபாயளவில் இருந்தது, மே மாதமாகும்போது 360ஐத் தொட்டது. டொலரில் வருகிற லெப்டொப்பின் விலையும் அதோடு ஏறியது. கட்டாரிலோ சவூதியிலோ இருக்கிற காக்கா விட்டுப்போன பழைய லெப்டொப்பும், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்த இரண்டாம் கை லெப்டொப்பும்தான் பலருக்கு மிச்சமான வழி. அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். ஏற்கனவே தளர்ந்த பெட்டரிகளின் நிலைமையைச் சொல்லத் தேவையில்லை.

அதே வருசம் ஏப்ரலில் உலகில் வேறொன்று நடந்தது. உபுண்டு லினக்ஸின் 22.04 பதிப்பு வெளியானது. அதற்குள் இருந்த பாதுகாப்பு நூலகம் பழைய டி.எல்.எஸ் முறைகளை ஏற்க மறுத்தது. உடனே பல நாடுகளின் கெம்பஸ்களிலிருந்து முறைப்பாடு வரத் தொடங்கியது: புதுச் சொஃப்ட்வெயார் போட்ட லெப்டொப்கள் வைஃபையில் இணையவில்லை. காரணம், அந்தக் கெம்பஸ்களின் சேர்வர்கள் பழசு. இத்தனை காலமும் மாணவர்களின் மெசினைப் பழசு என்று சொல்லிக்கொண்டிருந்த கதவு, தானும் பழசு என்று அன்றைக்குத் தெரியவந்தது.

அதனால்தான் "மெசின் பழசு" என்ற பதிலை நாங்கள் அப்படியே ஏற்பதில்லை. இணைப்பு என்பது இரண்டு பக்கமும் சம்மதிக்க வேண்டிய விசயம். எந்தப் பக்கம் பழசு என்று பார்க்க வேண்டும். பார்த்த பிறகு அதைச் சரிசெய்யும் செலவு எப்போதும் ஒரே ஆளின் தலையில் விழக் கூடாது.

என்ன செய்யலாம்

லெப்டொப் வைத்திருக்கிறவருக்கு: முதலில் திகதியையும் நேரத்தையும் பாருங்கள், வருசத்தையும் சேர்த்து. பட்டியலில் வலையமைப்பின் பெயரே வரவில்லை என்றால் 5 கிகாஹேர்ட்ஸ் பிடிக்கக்கூடிய யூ.எஸ்.பி வைஃபை அடப்டர் ஒன்று போதும், புது லெப்டொப் தேவையில்லை. வின்டோஸ் 7இலேயே நிற்கிற மெசினுக்கு பாரம் குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டால் புதிய டி.எல்.எஸ் தானாக வந்துவிடும். 32 பிட் மட்டும் ஓடுகிற மிகப் பழைய மெசினுக்கும் டெபியன் 12 ஓடும். மறுகா, கெம்பஸின் கணினிப் பிரிவிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: சேர்வரின் சரியான பெயர் என்ன, சான்றிதழை வழங்கியவர் யார். அந்த இரண்டையும் அமைப்பில் போட்டால் "சரிபார்க்காதே" என்ற டிக்குக்குத் தேவையே வராது. லினக்ஸ் புதிது, திகதி சரி, சான்றிதழும் சரி, ஆனாலும் இணையவில்லை என்றால் பிரச்சினை மறுபக்கத்தில் இருக்கலாம். அதை எழுத்தில் தெரிவியுங்கள்.

பல்கலைக்கழகங்களுக்கு, ஒலுவிலானாலும் வந்தாறுமூலையானாலும் பேராதனையானாலும்: அந்த இரண்டு கேள்விக்கான பதிலைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி நூலக வாசலில் ஒட்டுங்கள். எடுரோம் இருக்கிற இடங்களில், சான்றிதழை இரண்டு கிளிக்கில் தானாக அமைக்கிற இலவசக் கருவி இருக்கிறது, அதைப் புதிய மாணவர்களுக்கு முதல் நாளே காட்டுங்கள். வருசத்தில் ஒரு நாள் பழைய லெப்டொப்களைத் திறந்து திருத்துகிற முகாம் வையுங்கள். சீனியர் பிள்ளைகள் சந்தோசமாக வருவார்கள்.

பூட்டைத் தளர்த்தச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. டி.ஜே.எக்ஸ் கதை தெரிந்த பிறகு அப்படிக் கேட்க முடியாது. 2003இல் உலகம் ஒரு தடவை செய்ததைத்தான் கேட்கிறோம்: பூட்டை மாற்றும்போது பழைய கருவியோடு வாசலில் நிற்கிறவரையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2025 ஒக்டோபர் 14உடன் வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் முடிந்துவிட்டது. அதாவது இன்றைக்கு எங்கட வீடுகளில் நல்லாகவே ஓடிக்கொண்டிருக்கிற லெப்டொப்களில் பெரும்பகுதி "பழசு" என்ற பட்டியலில் சேரத் தொடங்கிவிட்டது. அடுத்த தடவை கதவு மாறும்போது வெளியே நிற்கப்போகிறவர்கள் கொஞ்சப் பேர் இல்லை.